கூத்தர் என்னும் வாயில்: திரைக்காட்சித் துணுக்குகளும் வீட்டுப் பேச்சும்

திரைப்படம் ஒன்றிலிருந்து இரண்டு மூன்று நிமிடக் காட்சியை வெட்டியெடுத்து, அதனைக் காட்டி, குடும்பத்தில் எவ்வாறு பேசவேண்டும், எவ்வாறு பேசலாகாது என்று விளக்கும் முறை இன்று பெருகி வருகிறது. பள்ளியின் பெற்றோர் கூட்டம், திருமணத்திற்கு முன் நடக்கும் அறிவுரை வகுப்பு, மனநல ஆலோசகரின் அறை, பட்டிமன்ற மேடை ஆகிய யாவும் இம்முறையைக் கையாளுகின்றன. குடும்பத்தார் தமக்குள் கைப்பேசியில் அனுப்பிக்கொள்ளும் துணுக்குகளுக்கோ கணக்கே இல்லை. இம்முறையைப் பழிப்பது நம் நோக்கமன்று. எந்தக் காட்சி காட்டப்படுகிறது, அது எங்கே தொடங்கி எங்கே வெட்டப்படுகிறது, யார் அதனை யாருக்குக் காட்டுகிறார் என்பனவற்றை இலக்கியத் திறனாய்வின் கண்கொண்டு நோக்க விழைகிறோம். கதையின் ஒரு பகுதியைப் பிரித்தெடுத்துப் பொருள் சொல்லும் எவரும் திறனாய்வாளரே. அவர் அதை உணராதபோது காட்சிக்கும் கேடு. அதைப் பார்க்கும் குடும்பத்திற்கும் கேடு.

முறை புதிதன்று. அமெரிக்காவில் பால் வாட்ஸ்லாவிக், ஜேனட் பீவின், டான் ஜாக்சன் என்னும் மூவர், மனிதரிடையே நிகழும் கருத்துப் பரிமாற்றம் பற்றி 1967இல் ஒரு நூல் வெளியிட்டனர். கணவன் மனைவியரின் பேச்சு எவ்வாறு ஒருவரையொருவர் தூண்டித் தூண்டி வட்டமாகச் சுழல்கிறது என்று விளக்கவேண்டிய இடத்தில், அவர்கள் தம்மை நாடி வந்த குடும்பம் எதனையும் எடுத்துக்காட்டவில்லை. எட்வர்ட் ஆல்பி எழுதி 1962இல் அரங்கேறிய 'ஹூ இஸ் அஃப்ரெய்ட் ஆஃப் வர்ஜீனியா உல்ஃப்' என்னும் நாடகத்திற்கு ஓர் அதிகாரத்தையே ஒதுக்கினர். உண்மைக் குடும்பத்தின் பேச்சை அச்சேற்றினால் அவ்வீட்டின் மறைவு போய்விடும். நாடகக் குடும்பமோ எல்லார்க்கும் பொது. அதன் சண்டையைப் பார்ப்பதால் எவர் மானமும் குறைவதில்லை. துணுக்கு காட்டுவோருக்கும் இதுவே தலைசிறந்த நியாயம். ஆயின் அம்மூவரும் எடுத்துக்கொண்டது நாடகம் முழுவதையும் என்பதை மறத்தல் ஆகாது. ஒரு சொல் முன்பு யார் சொன்னதற்கு எதிரொலி என்று தெரிந்தால்தானே வட்டம் தெரியும்? வட்டத்தில் ஒரு சிறு வளைவை மட்டும் வெட்டிக் காட்டினால் அது நேர்கோடாகத் தோன்றும்; ஒருவர் குற்றவாளி, மற்றவர் பாவப்பட்டவர் என்று முடிந்துவிடும்.

அதன்பின் 1972இல், குடும்பநல மருத்துவத்தில் பெயர்பெற்ற வர்ஜீனியா சட்டீர், நெருக்கடியில் மனிதர் மேற்கொள்ளும் பேச்சு நிலைகளைப் பொதுமக்களுக்கு விளங்கும்படி எழுதினார். இணங்கிக் குழைதல், பிறர்மேல் பழிபோடுதல், உணர்ச்சியை மூடிவைத்துக் கணக்குப் பேசுதல், பேச்சைத் திசைதிருப்புதல் என்பன நான்கு. உள்ளமும் சொல்லும் முகமும் ஒத்துநிற்பது ஐந்தாவது. இன்று துணுக்கு காட்டுவோர் பலர், அறிந்தோ அறியாமலோ, இப்பகுப்பின் நிழலில் நிற்கின்றனர். இவர் பழிபோடுகிறார், அவர் குழைகிறார் என்று ஒவ்வொருவர் முதுகிலும் ஒரு சீட்டை ஒட்டியதும் வகுப்பு முடிந்துவிடுகிறது. பகுப்பு பயனற்றது என்று சொல்லமாட்டோம். ஆயின் அது பேசுவோரை மட்டுமே எண்ணுகிறது. நம் வீடுகளிலோ பேசாதிருப்பவரும், பேச்சு யார் காதில் விழவேண்டும் என்று விடப்படுகிறதோ அவரும் பாதிப் பேச்சு.

இதைச் சொல்ல நாம் கடல் கடக்கவேண்டியதில்லை. தொல்காப்பியச் செய்யுளியல் எண்ணும் 34 உறுப்புகளுள் கூற்று, கேட்போர், களன், காலம், பயன், மெய்ப்பாடு, எச்சம், முன்னம் என்பனவும் அடங்கும். யார் சொல்வது, யார் கேட்பது, எவ்விடத்தில், எப்பொழுதில், என்ன பயன் கருதி, எந்த உணர்ச்சி மெய்யில் தோன்ற, எது சொல்லாமல் எஞ்சிநிற்க, இன்னார் இன்னார்க்குச் சொன்னது என்று எதனால் அறிய என இவ்வளவும் சேர்ந்ததே செய்யுள் என்றார். காதுகொடுப்பவரையும் களத்தையும் செய்யுளின் உறுப்பாகவே வைத்த நுட்பம் இது. குறுந்தொகைக்கும் நற்றிணைக்கும் அமைந்த கூற்றுக் குறிப்புகளில் சிறைப்புறம் என்னும் சொல்லை அடிக்கடி காண்கிறோம். தோழி பேசுவது தலைவியிடம். அது சென்று தைக்கவேண்டியதோ வேலிக்கு அப்பால் நிற்கும் தலைவன் நெஞ்சில். நம் பாட்டிமார் இதையே சாடைப் பேச்சு என்றனர். மருமகளுக்குச் சொல்லவேண்டியதைப் பூனையிடம் சொல்வது அவ்வகை.

கல்யாணில் வாழும் நமக்கு இது ஏட்டுச் செய்தியன்று. சத்ரபதி சிவாஜி மகாராஜ் முனையத்திலிருந்து ஏறத்தாழ 54 கிலோமீட்டரில் இருக்கிறோம். தந்தை விடியலில் லோக்கல் ஏறி இரவில் திரும்பும் வீடுகள் இங்கு மிகுதி. தாராவியிலும் மாதுங்காவிலும் செம்பூரிலும் தொடங்கிய குடும்பங்கள் பல, இடம் போதாமல் இந்தச் சந்திப்புக்கு வந்து சேர்ந்தன. சால் வீட்டின் ஓர் அறையும் ஒரு சமையலறையும் எனில், அங்குச் சிறைப்புறம் என்பது ஒரு திரைச்சீலை. எவர் எவரோடு பேசினாலும் வீடு முழுவதும் கேட்போர்தாம். அதிலும் மொழி வேறு குறுக்கே நிற்கிறது. பிள்ளைகளுக்குச் சினம் இந்தியில் வருகிறது, கல்வி ஆங்கிலத்தில் வருகிறது, தெருவில் நட்பு மராத்தியில் வளர்கிறது. தமிழோ சாப்பிட்டாயா, படித்தாயா என்னும் இரண்டு வினாக்களுக்குள் ஒடுங்கிப்போகிறது. இந்நிலையில் பெற்றோரும் பிள்ளையும் சேர்ந்து கேட்கும் நீண்ட தமிழ்ப் பேச்சு, பல வீடுகளில் திரைப்படப் பேச்சு ஒன்றே. துணுக்குத் தேர்வைப் பற்றி நாம் இவ்வளவு கவலைப்படுவது அதனால்தான்.

நம் குடும்பங்களில் மிகுதியும் கைமாறும் காட்சியிலிருந்தே தொடங்குவோம். விசு எழுதி இயக்கி, ஏவி.எம். நிறுவனம் 1986இல் வெளியிட்ட 'சம்சாரம் அது மின்சாரம்' நற்பொழுதுபோக்குக்கான தேசிய விருது பெற்ற படம். தந்தை அம்மையப்ப முதலியாருக்கும் மூத்த மகன் சிதம்பரத்துக்கும் பணம் பற்றி மூண்ட சச்சரவு முற்றி, வீட்டின் நடுவே ஒரு கோடு விழும் காட்சியை அறியாத தமிழ்க் குடும்பம் அரிது. ரகுவரன் நடித்த சிதம்பரம், சட்டீர் சொன்ன கணக்குப் பேசுவோனுக்கு அச்சொட்டான உருவம். குரல் உயர்வதில்லை, எண்கள்தாம் உயர்கின்றன. விசு நடித்த தந்தை பழிபோடுபவர். சீட்டு ஒட்டுவோருக்கு இரண்டு நிமிடத்தில் வேலை முடிந்துவிடும்.

நாம் வேறோரிடத்தைச் சுட்ட விரும்புகிறோம். கோட்டைக் கிழிக்கும்படி தந்தை ஏவுவது மகனையன்று. தம் மனைவி கோதாவரியை. சண்டை தந்தைக்கும் மகனுக்கும் இடையில். கட்டளை மட்டும் தாய்க்கு வருகிறது. கமலா காமேஷ் நடித்த அத்தாய்க்குப் பிரிவினையில் பங்கில்லை, அதைப் பற்றிய கருத்தை எவரும் கேட்கவுமில்லை. ஆயினும் பிரிவினையின் கோடு அவள் பெயரைச் சொல்லி விழுகிறது. திரும்பத் திரும்பப் பார்த்த நம்மில் எத்தனை பேர் அவ்வேளையில் கோதாவரியின் முகத்தைப் பார்த்தோம்? முழங்கும் குரல் ஒரு பக்கம், அடங்கிய கணக்கு மறுபக்கம். கண் அவ்விரண்டிற்கும் நடுவே ஓடிக் களைத்துவிடுகிறது. இக்காட்சியைக் கொண்டு குடும்பப் பேச்சை விளக்க விழைபவர், முதலில் ஒலியை அடைத்துவிட்டு ஒருமுறை ஓட்டட்டும். கேட்போர் யாவர் என்பது அப்போது தெரியவரும்.

தமிழ்க் குடும்பத்தில் பேச்சு நேராகச் செல்லாமல் மூன்றாமவர் வழியே செல்வது குறை என்றும், மேனாட்டார் போல் முகத்துக்கு முகம் பேசிவிட வேண்டும் என்றும் வகுப்பெடுப்போர் சொல்கின்றனர். இதை நாம் அப்படியே ஒப்பவில்லை. அகப்பாட்டில் அறத்தொடு நிற்றல் என்னும் துறையில், தலைவியின் காதல் தோழிக்குத் தெரிந்து, தோழியால் செவிலிக்கும், செவிலியால் நற்றாய்க்கும், அவள் வழியே தந்தைக்கும் தமையன்மார்க்கும் செல்கிறது. ஒவ்வொரு படியிலும் சொல் பக்குவப்படுகிறது; சினம் தணிய நேரம் கிடைக்கிறது. இது பண்பட்ட ஏற்பாடு. ஆயின் அத்தோழி வெறும் கம்பியல்லள். அவளுக்கு அறிவுண்டு, கருத்துண்டு. தலைவனை இடித்துரைப்பாள், தலைவியைக் கடிந்துகொள்வாள், எதைச் சொல்வது எதை மறைப்பது என்று தானே முடிவு செய்வாள். கோதாவரிக்கு அவ்வுரிமை இல்லை. நடுவில் நிற்பவருக்குச் சொந்தச் சொல் இருக்கும் வரை அது தூது. இல்லாதபோது அவர் இரண்டு பக்கத்து அடியையும் வாங்கும் சுவர். அதே படத்தில் மனோரமா நடித்த பணிப்பெண் கண்ணம்மா தன் அறிவால் நடத்தும் சண்டை நாடகத்தையும், கோடு விழும் காட்சியையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் இவ்வேறுபாடு சிறு பிள்ளைக்கும் விளங்கும். நகைச்சுவைத் துணுக்காக மட்டுமே அது சுற்றிவருவது ஒரு வகையில் வீண்செலவு.

(விசு பின்னாளில் சன் தொலைக்காட்சியில் 'அரட்டை அரங்கம்' நடத்தினார். வீட்டில் தாய் தந்தையரிடம் சொல்ல இயலாததை ஒலிவாங்கியின் முன் ஊரறியச் சொல்லி அழுதவர் பலர். சிறைப்புறம் அவ்வளவு பெரிதாக விரிந்தது அதற்கு முன் உண்டோ அறியோம்.)

பம்பாய்த் தமிழர் வாழ்வைக் காட்டியது என்று நாம் பெருமையாகச் சொல்லிக்கொள்ளும் 'நாயகன்' 1987இல் வந்தது. அதில் நாம் கண்ட தாராவியின் பெரும்பகுதி சென்னையில் தோட்டா தரணி எழுப்பிய அரங்கமே என்பது வேறு செய்தி. வளர்ந்த மகள் சாருமதி தந்தை வேலு நாயக்கரின் வன்செயலைத் தட்டிக் கேட்கிறாள். தந்தையோ தமக்குக் கொடுமை செய்தவர்களை வரிசையாகச் சொல்லி, முதலில் அவர்கள் நிறுத்தட்டும், பின்பு தாம் நிறுத்துவதாக மறுமொழி தருகிறார். கமல்ஹாசனின் நடிப்பும் மணிரத்னத்தின் அமைப்பும் சேர்ந்து அப்பேச்சை நெஞ்சில் தைக்கச் செய்கின்றன. வீரவுரையாகவே அது துணுக்குகளில் உலவுகிறது.

குடும்பப் பேச்சு என்ற நோக்கில் பார்த்தால் அது முழுத் தோல்வி. மகள் மகளாக நின்று கேட்கிறாள். தந்தை உலகத்தை நோக்கி விடையளிக்கிறார். கேள்வி கேட்டவள் முன்னே நிற்க, விடை அங்கில்லாத பகைவர்க்குச் செல்கிறது. செய்யுளியலார் சொல்லால் சொன்னால், கூற்று இருக்கிறது, கேட்போர் மாறிவிட்டனர். பின்னர் மகள் பிரிந்து செல்வதும், அவள் காவல்துறை அதிகாரி ஒருவரின் மனைவியாக வாழ்கிறாள் என்பதைத் தந்தை அவள் வீட்டிலேயே வந்து அறிவதும், இந்த ஒரு விடை தவறிய முகவரிக்குச் சென்றதன் பயன். முற்காட்சியை மட்டும் வெட்டிக் காட்டினால் தந்தை வென்றார். பிற்காட்சியையும் சேர்த்துக் காட்டினால் என்ன இழந்தார் என்று தெரியும். நம் வீட்டில் நிகழ்வதும் பெரும்பாலும் இதுவே. பிள்ளை, ஞாயிறன்றாவது தம்மோடு இருக்கக்கூடாதா என்று கேட்கும். தந்தை, ஊரை விட்டு வெறுங்கையோடு வந்து இறங்கிய கதையையும், நிலையத்தில் படுத்துறங்கிய இரவுகளையும் விடையாகச் சொல்வார். அக்கதை மெய், கேட்கத்தக்கது. எனினும் அது பிள்ளையின் கேள்விக்கு விடையன்று. தம்மை வாழவிடாத ஊருக்கு அவர் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கும் விடை.

நாம் மிகவும் மதிக்கும் காட்சி ஒன்று தமிழில் எடுக்கப்பட்ட படத்தில் இல்லை. கௌரி ஷிண்டே இயக்கிய 'இங்கிலீஷ் விங்கிலீஷ்' 2012இல் இந்தியிலும், அமிதாப் பச்சன் தோன்றிய இடத்தில் அஜித்குமாரை அமைத்துத் தமிழிலும் வெளிவந்தது. சிவகாசிப் பக்கம் பிறந்து பம்பாய்ப் படவுலகில் நிலைபெற்ற ஸ்ரீதேவி, நீண்ட இடைவெளிக்குப் பின் நடித்த படம். புனே நகரில் லட்டு செய்து விற்கும் சஷி என்னும் இல்லத்தரசிக்கு ஆங்கிலம் வராது. நியூயார்க்கில் நடக்கும் உறவினர் திருமணத்தில் எழுந்து அவள் ஆங்கிலத்தில் பேசும் இறுதிப் பகுதியே எங்கும் காட்டப்படுகிறது. குடும்பத்தில் ஒருவரையொருவர் மதித்தல் பற்றிய பாடத்திற்கு அது வாய்ப்பான துணுக்கு, கேட்போர் கண் கலங்குவர், கைதட்டுவர். நாம் அதைத் தேர்ந்தெடுக்கமாட்டோம். அப்பேச்சு சஷி வென்றபின் நிகழ்வது. வென்றவர் பேசினால் யாரும் கேட்பர்.

பாடம் இருப்பது படத்தின் தொடக்கத்தில், உணவு மேசையில். ஜாஸ் என்னும் நடனத்தின் பெயரை அவள் பிழைபட ஒலிக்கிறாள். மகளும் கணவனும் சிரிக்கின்றனர். ஒரு சொல்; ஒரு சிரிப்பு; அவ்வளவே. எவரும் எவரையும் ஏசவில்லை. சட்டீரின் நான்கு சீட்டுகளில் எதையும் இங்கு எளிதாக ஒட்டிவிட முடியாது. மெய்ப்பாட்டியல் கைகொடுக்கிறது. நகை பிறக்கும் களங்கள் எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு என்று வகுத்து, எள்ளலை முதலில் வைத்தார் தொல்காப்பியர். சிரிப்பு ஒன்றே; அது பிறக்கும் இடம் வேறு வேறு. மகளின் சிரிப்பு தன்வரையில் இளமையின்பாற்பட்டது. வேடிக்கை என்றே அவள் நம்புகிறாள். தாயின் காதில் அது எள்ளலாக விழுகிறது. பேசினவர் கருத்தில் ஒன்று, கேட்டவர் நெஞ்சில் மற்றொன்று. குடும்பப் பேச்சு பற்றிய நூல்கள் பக்கம் பக்கமாக விளக்கும் செய்தியை அந்தச் சில நொடிகள் விளக்கிவிடுகின்றன. பள்ளிக்குத் தாய் வருவதையே மகள் அஞ்சுவது அதன் தொடர்ச்சி.

நம் தாய்மாரைப் பற்றி ஈண்டுச் சற்று விரித்துச் சொல்லவேண்டும். திருநெல்வேலியிலிருந்தோ சேலத்திலிருந்தோ திருமணமாகி இங்கு வந்த பெண், மருத்துவமனையிலும் பங்கீட்டு அலுவலகத்திலும் பள்ளியிலும் பத்து வயதுப் பிள்ளையைத் தூதாக முன்னிறுத்திப் பேசுகிறாள். மருத்துவர் சொன்னதைப் பிள்ளை சுருக்கிச் சொல்கிறது. ஆசிரியர் தன்னைப் பற்றிச் சொன்ன குறையைச் சொல்லாமலே விடுகிறது! நற்றாய்க்கும் உலகுக்கும் நடுவே பிள்ளையே தோழியாக நிற்கும் விந்தை இது. அப்பிள்ளைக்கு வீட்டில் ஓர் அதிகாரம் வந்துவிடுகிறது. அதனோடு ஓர் அலுப்பும் வருகிறது. தாய் இந்தியில் ஆண்பால் பெண்பால் மாற்றிச் சொல்லும்போது எழும் சிரிப்பு அந்த அலுப்பின் வடிவம். மறுபுறம், பிள்ளை தமிழில் லகர ளகர ழகரம் பிறழ்ந்து பேசும்போது ஊரிலிருந்து வந்த உறவினர் சிரிப்பதும் உண்டு. அப்பிள்ளை அதன்பின் அவர்முன் தமிழே பேசுவதில்லை. உணவு மேசைக் காட்சியை நம் குடும்பங்களுக்குக் காட்டுவதானால், மகளுக்கும் தாய்க்கும் மட்டுமன்று, விடுமுறைக்கு வரும் மாமன்மார்க்கும் சேர்த்தே காட்டவேண்டும்.

மணிரத்னத்தின் 'மௌன ராகம்' 1986இல் வெளிவந்தது. தில்லியில் குடியேறிய தமிழ்க் கணவன், மொழி தெரியாத ஊரில் மனைவி என்று அதுவும் ஒரு புலம்பெயர் வீடே. பரிசாக என்ன வேண்டும் என்று கணவன் கேட்க, மனைவி திவ்யா மணவிலக்கு கேட்கும் காட்சியைத் துணுக்கு காட்டுவோர் விரும்புகின்றனர். அதில் இருவரும் நேர்படப் பேசுகின்றனர் என்பது உண்மை. ஆயின் அப்பேச்சுக்கு வித்து முன்பே விழுந்தது. விருப்பமில்லை என்று சொன்ன மகளின் மறுப்பு, தந்தை நெஞ்சுநோயில் விழுந்ததும் இசைவாக மாறுகிறது. அங்கு நோயே பேசிவிட்டது. இசைந்தாள் என்று எல்லாரும் எடுத்துக்கொண்டதை அவள் சொன்னாளா என்று எவரும் உசாவவில்லை. எச்சம் என்பது இதுதான். இரண்டாம் காட்சியை முதற்காட்சி இன்றிக் காட்டினால் திவ்யா கன்னெஞ்சக்காரியாகத் தோன்றுவாள். மகேந்திரனின் 'உதிரிப்பூக்கள்' (1979) போன்ற படங்களைத் துணுக்காக்குவது இன்னும் அரிது. அங்குச் சொல் குறைவு, இடைவெளிதான் பேசுகிறது. இடைவெளியை வெட்டி அனுப்ப இயலாது.

இனி, யார் யாருக்குக் காட்டுகிறார் என்னும் வினா. ஊடற்காலத்தில் தலைவன் தலைவியரிடையே சென்று இசைவிப்போரை வாயில்கள் என்று பன்னிரு வகையாக எண்ணுகிறது தொல்காப்பியக் கற்பியல். தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன் என்று செல்லும் அவ்வரிசையில் கூத்தரும் உளர். கூத்தாடுவோர் வீட்டுப் பிணக்கைத் தீர்க்கும் வாயிலாவது எங்ஙனம் என்று நாம் முன்பு வியந்ததுண்டு. இன்று கைப்பேசித் துணுக்குகளைக் காணும்போது அவ்வரிசையின் பொருத்தம் புலனாகிறது. பிறர் கதையை ஆடிக் காட்டும்போது, பிணங்கிய இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல் ஒரே பக்கம் பார்க்கின்றனர். தம் கதையன்று என்னும் துணிவில் அதைப் பற்றிப் பேசத் தொடங்குகின்றனர். பேசிக்கொண்டே போய்த் தம் கதையில் கால் வைக்கின்றனர். நாடகத்தைத் தேர்ந்த அம்மூவர் கண்டதும் ஏறத்தாழ இதுவே.

ஆனால் வாயில் மறுத்தல் என்று ஒரு துறையும் உண்டு. தூதாக வந்தவர் தலைவன் பக்கத்து ஆள் என்று தெரிந்தால் தலைவி கதவடைத்துவிடுவாள். தந்தை, பெற்றோரைத் தவிக்கவிட்ட மகனைக் காட்டும் காட்சியை மகனுக்கு இரவு பதினொரு மணிக்கு அனுப்புகிறார். மருமகள், கொடுமைக்கார மாமியார் காட்சியைக் குடும்பக் குழுவில் போடுகிறாள். யாரையும் குறித்ததன்று என்று கீழே எழுதவும் செய்கிறாள். மாமியார் மறுநாள் வேறொரு படத்திலிருந்து விடையெடுக்கிறார். பூனையிடம் சொன்ன காலத்தில் அப்பூனை அடுத்த வீட்டுக்குப் போய்ச் சொல்லாது; இப்போது அத்தைமார், சித்தப்பாமார் எல்லாரும் வேலிக்கு அப்பால் நிற்கின்றனர். இங்குக் கூத்தர் வாயிலாக வரவில்லை, படையாக வந்திருக்கிறார். ஆலோசகர் காட்டும் துணுக்கு பயன்படுவதற்கும், மாமன் அனுப்பும் அதே துணுக்கு புண்படுத்துவதற்கும் காரணம் காட்சியில் இல்லை. கேட்போர் நிலையில் தாம் நிற்காமல், பிறரை மட்டும் கேட்போராக்க நினைப்பவர் கையில் எந்தக் காட்சியும் சாடையாகிவிடும்.

முன்பு நிலை சற்று வேறு. மாதுங்காவின் அரோரா திரையரங்கில் தமிழ்ப் படம் பார்க்கக் குடும்பமே லோக்கல் ஏறிச் சென்ற காலமும், 1980களில் ஒளிநாடாவை வாடகைக்கு எடுத்து அக்கம்பக்கத்தாரோடு தரையில் அமர்ந்து பார்த்த காலமும் உண்டு. படம் முழுவதையும் எல்லாரும் சேர்ந்து பார்த்தனர். எவரும் எவருக்கும் காட்டவில்லை. திரும்பி வரும் வழியில் தண்டவாளச் சத்தத்தினூடே, அவன் செய்தது சரியா என்று தாய் கேட்க, தந்தை ஒரு நிலையம் கடந்து விடை சொல்வார். இன்று துணுக்கு தனித்தனியே, காதுக்குள் செருகிய கருவியோடு, தாதருக்கும் டோம்பிவிலிக்கும் நடுவே பார்க்கப்படுகிறது. பழையது மீளாது, மீளவேண்டும் என்று அழுவதும் நம் வேலையன்று. எனினும் குடும்பப் பேச்சை விளக்கத் துணுக்கைக் கையாளுவோர், அதைச் சேர்ந்து பார்க்கச் செய்தாலே பாதி வேலை முடியும். வெடிக்கும் இடத்திற்குச் சில நிமிடம் முன்னதாகத் தொடங்கட்டும். பேசாதிருந்தவர் பேசியிருந்தால் என்ன சொல்லியிருப்பார் என்று வீட்டில் பேசாதிருப்பவரையே கேட்கட்டும். விடை இந்தியிலோ மராத்தியிலோ வந்தாலும் இடைமறித்துத் திருத்தாமல் இருக்கட்டும். தமிழைத் திருத்துவதற்கு வேறு மாலைகள் உண்டு.

மீண்டும் 'சம்சாரம் அது மின்சாரம்' படத்துக்கே வருகிறோம்; அதன் முடிவு வெட்டப்படுவது நமக்கு உறுத்துகிறது. பேறுகாலம் முடிந்து திரும்பிய மூத்த மருமகள் உமா, பிரிந்தவர்களை ஒருவாறு சேர்த்துவைக்கிறாள். துணுக்குகள் பெரும்பாலும் அங்கே நின்றுவிடுகின்றன. எல்லாரும் கண்ணீரோடு சிரிக்கின்றனர். படமோ அங்கு நிற்கவில்லை. ஒன்றுசேர்ந்த அந்நேரத்திலேயே, இனித் தனித்து வாழ்வோம், விடுமுறை நாள்களில் கூடுவோம், உறவு கெடாமல் இருக்க இதுவே வழி என்று உமா சொல்கிறாள். லட்சுமியின் குரலில் சினமும் இல்லை, குழைவும் இல்லை. ஒருவர்மேலும் பழி இல்லை. பன்னிரு வாயிலுள் எதனையும் இடையே நிறுத்தாமல், பெரியவர்களை நேர்நோக்கி, மருமகள் ஒருத்தி நம் திரையில் இவ்வாறு பேசியது அரிது. ஒன்றாய் வாழ்தலே அன்பு என்று அதுவரை சொல்லிவந்த குடும்பப் படங்களின் நடுவே இது துணிவான முடிவுமாகும்.

தனித்து வாழ்தல் நமக்குப் புதிதன்று. ஊரில் பெற்றோர், கல்யாணில் நாம், புனேயிலோ துபாயிலோ பிள்ளைகள் என்று ஏற்கெனவே மூன்று நிலையங்களாக இறங்கிவிட்டோம். ஆனால் உமா சொன்னதுபோல் எவரும் எவரிடமும் அதைச் சொல்லிவிட்டு இறங்கவில்லை. வேலை வந்தது, போனோம். பையன் படிக்கப் போனான், அங்கேயே தங்கிவிட்டான். அதனால் அடுத்த முறை இப்படத்தைக் காட்டுவோர், கோடு விழும் இடத்தை விட்டுவிட்டு உமாவின் பேச்சை முழுதாக ஓட்டட்டும். அவள் பேசி முடிந்ததும் படத்தை நிறுத்தி, கேட்டுக்கொண்டு நிற்கும் கோதாவரிக்கு அதற்கு என்ன விடை இருந்திருக்கும் என்று அங்கு அமர்ந்திருக்கும் தாய்மாரிடம் முதலில் கேட்கட்டும்.